வாவிக்கரையில் வீடும் தொழிலும்: நுவரெலியாவா, நோர்வூட்டா, மஸ்கெலியாவா, தலவாக்கலையா?

கொழும்பில் புடவைக் கடையிலும் ஹோட்டலிலும் பல வருஷம் நின்று உழைத்தவர்கள், கட்டார், டுபாய் என்று போய்க் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வந்தவர்கள் என்று மலையகத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஊருக்குத் திரும்பி, தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து இரண்டு அறையோ ஒரு சாப்பாட்டுக் கடையோ போட்டால் குடும்பம் ஓடுமா? ஓடும் என்றுதான் நான் சொல்வேன். எந்தத் தண்ணீர், யாருடைய காணி, வெளியாள் வராத மாதத்தில் கல்லாவில் காசு போடப்போவது யார் என்ற மூன்றையும் பார்த்த பிறகு இடத்தைத் தீர்மானித்தால் ஓடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். கையில் இருப்பது நடுத்தரச் சேமிப்பு, சொந்தப் பெயரில் காணி இல்லை என்றால் மஸ்கெலியா. பெற்றோர் பெயரில் காணி உறுதிப்பத்திரத்தோடு வீடோ காணியோ நோர்வூட், டிக்கோயா பக்கம் இருந்தால் அங்குள்ள காசல்ரீ நீர்த்தேக்கக் கரை. பெரிய முதல் உள்ளவருக்கும் தொழில் பழக வேண்டியவருக்கும் நுவரெலியா. தலவாக்கலை குடியிருக்க நல்ல ஊர், ஆனால் அங்குள்ள தண்ணீரை நம்பித் தொழில் தொடங்க வேண்டாம்.

கண்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசி மன்னன் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டத் தொடங்கிய அந்த வாவியைச் சுற்றியுள்ள காணி விலை, தோட்டக் குடும்பத்துச் சேமிப்புக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் திகன பக்கமும் அப்படித்தான். கொல்ஃப் மைதானமும் அதையொட்டிய பங்களாக்களுமாக அந்தக் கரை ஏற்கெனவே பணக்காரர் கைக்குப் போய்விட்டது.

கரை எங்கே நிற்கிறது

வாவிக்கரைத் தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் காட்சியைப் பற்றியே பேசுகிறார்கள். நான் தண்ணீர் மட்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலையகத்தில் தண்ணீர் தேங்கியிருப்பது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு காரணத்துக்காக.

நுவரெலியாவின் கிரகரி வாவி ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் உருவானது. சதுப்பாகக் கிடந்த இடத்தில் தண்ணீரைத் தேக்கி, துரைமார் பொழுதுபோக்குவதற்காகச் செய்த வாவி. இன்றும் அது பொழுதுபோக்குக்கான வாவிதான். கரை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்று பார்த்த காட்சியை அடுத்த மாதமும் நம்பி விளம்பரம் போடலாம்.

நோர்வூட் பக்கத்துக் காசல்ரீயும் மஸ்கெலியாவின் மவுசாகலையும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ வந்தது. மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை வந்தது. காசல்ரீத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாகலைத் தண்ணீர் கென்யன் மின்நிலையத்துக்கும் போகிறது. அதற்குப் பிறகு லக்ஷபான நிலையங்களைத் தாண்டி, களனி கங்கையாகக் கொழும்புக்குக் குடிதண்ணீராகிறது. ஆகவே இந்தக் கரைகளில் தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மழையும் மின்சார சபையும்தான். விருந்தினர் அறையின் ஜன்னலுக்கு அதில் பங்கில்லை.

பங்குனி மாதம் காசல்ரீக் கரைக்குப் போய் நின்று பாருங்கள். பச்சைத் தேயிலை முடிகிற இடத்துக்கும் தண்ணீர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே செம்மண் பட்டை ஒன்று வளைந்து வளைந்து ஓடும். பழைய மரக்கட்டைகள் கறுத்துப்போய் நிற்கும். சேறு காய்ந்து, பாளம் பாளமாக வெடித்த இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அதே இடத்துக்கு ஆடியில் போனால் தேயிலைச் செடியின் காலடிவரை தண்ணீர் தளும்பும். நீர்த்தேக்கம் நிரம்பி வழிகிற செய்தி வானொலியில் வரும். புகைப்படத்தில் பார்க்கிற அழகான காசல்ரீ இந்த இரண்டாவது காசல்ரீதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்மேல் பருவமழை கொட்டுகிற வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில்தான் தண்ணீர் நிறைகிறது. அப்போது ஹட்டன் பக்கம் வெளியாள் வரத்து குறைவு. சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. ஆட்கள் வருகிற அந்த மாதங்களில் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். தண்ணீர் தெரிகிற அறை என்று ஆகஸ்டில் எடுத்த படத்தைப் போட்டு, மார்ச்சில் வருகிறவருக்குச் செம்மண்ணைக் காட்டினால் அவர் திரும்பி வரமாட்டார். காசல்ரீயில் அறை போடுகிறவர் இரண்டு காலத்துப் படத்தையும் போட வேண்டும், விலையையும் இரண்டாக வைக்க வேண்டும்.

தலவாக்கலையில் இருப்பது மேல் கொத்மலைத் திட்டத்தின் சிறிய தேக்கம். 150 மெகாவாட் நிலையம் 2012 ஜூலையில் திறக்கப்பட்டது. ஆற்றோட்டத்தில் ஓடுகிற திட்டம் என்பதால் பெரிய நீர்ப்பரப்பு அங்கே கிடையாது. ஊரை ஒட்டிய குளம்போல ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே பிரதான வீதி. பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவார், இறங்கமாட்டார்.

நுவரெலியா: வருகிறவர் அதிகம், பங்கு கேட்கிறவர் அதைவிட அதிகம்

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஆள் வராத மாதம் என்று ஒன்று கிடையாது, கூடுதல் குறைவுதான். ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரைப் பந்தயம், மோட்டார் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அறை கிடைக்காமல் வேனிலேயே படுத்துறங்குகிற குடும்பங்களைப் பார்க்கலாம். கரையோரத்தில் அன்னப் படகு, மட்டக் குதிரைச் சவாரி, சோளம், அவித்த கடலை என்று எல்லாவற்றுக்கும் வரிசை.

இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் கடைக்கு முற்பணம் கட்டுகிறார்கள். ஆனால் கரையோரக் கடைகளின் வாடகையும், கடையை எடுக்கும்போது கொடுக்கிற கீ மணியும் ஏப்ரல் கூட்டத்தை வைத்துத்தான் பேசப்படுகின்றன. கட்ட வேண்டியதோ பன்னிரண்டு மாதத்துக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலை ஐந்து மணிக்கே பனி இறங்கிக் கரை வெறிச்சோடும்போது, ஏப்ரல் கணக்கில் போட்ட வாடகை கழுத்தைப் பிடிக்கும். படகுத் தொழிலுக்குள் புதிதாக நுழைவதும் எளிதல்ல. ஏற்கெனவே அனுமதி பெற்று நடத்துகிறவர்கள் வலுவாக இருக்கிறார்கள்.

நுவரெலியாவில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அது கரையில் இல்லை. இலங்கைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளில் முதலிடம் இந்தியர்களுக்கு. 2024இல் மட்டும் நான்கு இலட்சத்துக்கும் மேல் வந்தார்கள். அவர்களில் இராமாயணத் தலங்களைப் பார்க்க வருகிறவர்கள் றம்பொடை ஆஞ்சநேயர் கோயில், சீத்தா எலிய சீதையம்மன் கோயில் என்று இந்த வழியாகத்தான் போகிறார்கள். காலையில் இட்லியும் சாம்பாரும், மதியம் மரக்கறிச் சாப்பாடு, முட்டை கலக்காத பலகாரம், சுத்தமான கழிப்பறை. இவை நான்கும் ஒரே இடத்தில் கிடைத்தால் வேன் சாரதிகளே ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். தமிழ் பேசத் தெரிந்ததும், மரக்கறிச் சமையல் கைவந்ததும் இந்த ஒரு தொழிலில் நேரடியாகக் காசாகும். பொருளாதார மத்திய நிலையத்தில் கரட், லீக்ஸ், போஞ்சி தோட்டத்திலிருந்து வந்த விலைக்கே கிடைப்பது இன்னொரு வசதி. ஹக்கல வீதிப் பக்கம் ஒரு சின்ன இடம் வாடகைக்குக் கிடைத்தால், கிரகரிக் கரையில் பெரிய கடையைவிட அதையே எடுக்கச் சொல்வேன்.

குடியிருப்பதைப் பொறுத்தவரை குளிர் ஒரு பெரிய விஷயம். தை, மாசி அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வயதான பெற்றோருக்கு மூட்டுவலியோ இழுப்போ இருந்தால் இதை யோசியுங்கள். வீட்டு வாடகையும் மற்ற மூன்று ஊர்களைவிட அதிகம்.

நோர்வூட், காசல்ரீ: இடைவெளி இருக்கிற இடம்

காசல்ரீக் கரையின் அழகுக்கு உலக விலை உண்டு என்பதைப் பெரிய கைகள் ஏற்கெனவே நிரூபித்துவிட்டன. பழைய துரை பங்களாக்களைத் திருத்தி, 2005இல் தொடங்கிய டீ ட்ரெயில்ஸ் விடுதிகள் இந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. தண்ணீரில் இறங்குகிற சிறிய விமானங்கள்கூட இங்கே வந்திருக்கின்றன. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்திலிருந்து பார்த்தால் நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் விரிகிறது. வெளிநாட்டவர் அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள்.

ஒரு பக்கம் இந்த உயர்விலை பங்களாக்கள். மறுபக்கம் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மலிவு அறைகள். நடுவில் ஆட்கள் குறைவு. சுத்தமான மெத்தை, சுடுதண்ணீர், வீட்டுச் சாப்பாடு, மலைக்கு ஏற அதிகாலை ஒன்றரை மணிக்கு வாசலில் த்ரீவீல். இவ்வளவையும் நியாயமான விலையில் தரக்கூடிய இரண்டு மூன்று அறை வீட்டுக்கு இங்கே இடமிருக்கிறது. வெளிநாட்டு இளைஞர்கள் கொழுந்து பறிக்கிற வீட்டில் சாப்பிட விரும்புகிறார்கள். தேங்காய்ச் சம்பல், ரொட்டி, பருப்பு, கோழிக்கறி, தோட்டத்திலேயே வறுத்து இடித்த தூளில் ஒரு இஞ்சித் தேநீர் என்றால் அவர்களுக்கு அதுவே விருந்து.

குடும்பத்தோடு வாழவும் இந்தப் பக்கம் பரவாயில்லை. இந்திய உதவியில் கட்டி 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்த டிக்கோயா ஆதார வைத்தியசாலை அருகில். ஹட்டனில் ஹைலன்ட்ஸ் கல்லூரியும் சென் ஜோன் பொஸ்கோவும். ரயிலும் அங்கேயே. பிள்ளை சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற வயதில் இருந்தால் இந்த நான்கு ஊர்களில் டிக்கோயா, ஹட்டன் பக்கத்துக்கே என் வாக்கு.

தடை ஒன்றுதான், அதுவும் பெரியது. கரையைச் சுற்றி நீங்கள் பார்க்கிற பச்சை எல்லாம் தோட்டம். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மஸ்கெலியா: ஊரே வாடிக்கையாளர்

ஹட்டனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அழகில் இது காசல்ரீக்குக் குறைந்ததல்ல. சிவனொளிபாதமலை எதிரே நிற்க, மவுசாகலை நீர் கீழே விரிந்திருக்கும். ஆனால் இந்த ஊரை முதலிடத்தில் வைப்பதற்கு அழகு காரணமில்லை.

மஸ்கெலியாவைச் சுற்றி சாமிமலை, நல்லதண்ணி, அப்கொட் பக்கமெல்லாம் தோட்டங்கள். அந்த மக்களுக்குச் சந்தையும் வங்கியும் வைத்தியசாலையும் இந்த ஊர்தான். மாதம் பத்தாம் தேதிச் சம்பளம் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு காலை மஸ்கெலியாக் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். கோதுமை மா, மைசூர்ப் பருப்பு, நெத்தலி, தேங்காய், பிள்ளைக்குச் செருப்பு, ஃபோனுக்கு ரீலோட் என்று கையில் துண்டுச் சீட்டோடு அக்காமார் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். வாங்கி முடித்ததும் பஸ்ஸுக்கு முன் ஒரு பிளேன்டீ, இரண்டு வடை. இருபத்தைந்தாம் தேதி அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதே கூட்டம் கொஞ்சம் மெலிந்து மறுபடி வரும். தீபாவளி முற்பணம் கிடைக்கிற வாரத்தில் நிற்க இடமிருக்காது.

மழையானாலும் வெயிலானாலும் வெளிநாட்டவர் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்பு, அடுத்த வருஷம் கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சத்தைத் தொடவில்லை. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல்தான் மறுபடி இருபது இலட்சம் தாண்டியது. இந்த இடைப்பட்ட வருஷங்களில் வெளியாளை மட்டும் நம்பிக் கடன் எடுத்துக் கட்டிய விடுதிகள் எத்தனை மூடின என்பதை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அரிசியும் மாவும் விற்ற கடை திறந்தே இருந்தது. நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று அமைந்த மக்களின் கையில் அதிகம் இல்லைதான். ஆனாலும் அவர்கள் மாதம் தவறாமல் வருகிறார்கள்.

இதன்மேல்தான் சீசன் வருமானம் வருகிறது. மார்கழிப் போயாவிலிருந்து சனி, ஞாயிறு, போயா நாட்களில் இரவெல்லாம் பஸ்கள் மஸ்கெலியா வழியாக, மலையேற்றம் தொடங்குகிற நல்லதண்ணிக்குப் போகும். யாத்திரை வருகிறவர்களில் பலர் சமைத்த சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே பெரிய சோற்றுக்கடையைவிட, இரவு திறந்திருக்கிற சின்னக் கடைக்கே வியாபாரம் அதிகம். கம்பளித் தொப்பி, கையுறை, டோர்ச் பற்றரி, கால்வலிக்குத் தடவ சித்தாலேப தைலம், கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ரொட்டி. மலை இறங்கி வருகிறவர் காலையில் கால் நீட்டி உட்கார ஒரு பெஞ்சும் முகம் கழுவச் சுடுதண்ணீரும் இருந்தால் அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். வருகிறவர்களில் பெரும்பான்மை சிங்களவர். கடையில் நிற்பவருக்குச் சரளமான சிங்களம் வேண்டும், பெயர்ப்பலகையும் இரு மொழியிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று. காசல்ரீயில் தண்ணீர் இறங்கினால் காட்சி கெடுகிறது. மஸ்கெலியாவில் தண்ணீர் நன்றாக இறங்கினால், மவுசாகலை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரியத் தொடங்கும். அதைப் பார்க்கவே ஆட்கள் திரண்டு வருவார்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த தெருவைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வருகிற குடும்பங்களும் அதில் உண்டு. வறண்ட காலமும் இந்த ஊரில் வீணாவதில்லை.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மழையில் துவைத்த படுக்கை விரிப்பு மூன்று நாளானாலும் காயாது. அறை போடுகிறவர் விரிப்பு இரண்டு மடங்கு வாங்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஹட்டனுக்கு லாண்டரிக்கு அனுப்பிச் செலவழிக்க வேண்டும். சுவரில் பாசி, அலமாரியில் பூஞ்சணம். ஹட்டன் வீதியில் மரம் விழுந்தால், மண் சரிந்தால் சரக்கு வராது. பிள்ளைக்கு உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு படிக்க வேண்டுமானால் ஹட்டனை நாட வேண்டிவரலாம். இரவு நேரத்தில் கடும் சுகவீனம் என்றால் டிக்கோயா வரை வளைவு வீதியில் போக வேண்டும்.

மீன் தொழிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: இந்த நீர்த்தேக்கங்களில் நன்னீர் மீன்பிடி இருக்கிறது, நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான அரச அதிகாரசபையான நக்டா மீன்குஞ்சும் விடுகிறது. ஆனால் அது அங்குள்ள மீனவர் சங்கங்களின் பிழைப்பு. வெளியிலிருந்து வருகிறவர் அவர்களிடம் மீன் வாங்கிப் பொரித்து விற்கலாம், வலை போடப் போக வேண்டாம்.

காணி: இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்

வேறு மாவட்டத்தில் வாவிக்கரைக் காணி வாங்குவது பணம் இருக்கிறதா என்ற கேள்வி. மலையகத்தில் அது யாருடைய காணி என்ற கேள்வி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992க்குப் பிறகு பெரும்பாலானவை நீண்டகாலக் குத்தகைக்குப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. எங்கள் தாய் தகப்பன் பிறந்து வளர்ந்த, தோட்டத்து வரிசை வீடான லயமும், அதைச் சுற்றிய வீட்டுத் தோட்டமும், வாசலிலிருந்து தெரிகிற தண்ணீரும் எங்கள் பெயரில் இல்லை. இருநூறு வருஷ உழைப்புக்குப் பிறகும் இதுதான் நிலைமை. இது மாற வேண்டும் என்று முழு மனதோடு விரும்புகிறேன். ஆனால் அது மாறும் முன்பே மாறிவிட்டதுபோல நினைத்துச் சேமிப்பைக் கொட்டாதீர்கள்.

தண்ணீர் தெரிகிற லய அறையை இடித்துத் திருத்தி விருந்தினருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வைக்கிற ஒவ்வொரு கல்லும் அடுத்த தோட்டத் துரை வந்தால் எடுக்க வேண்டிய கல். வங்கியும் அதன்மேல் கடன் தராது. இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் மற்றத் திட்டங்களிலும் 7 பேர்ச்சஸ் காணியோடு வீடு கிடைத்தவர்கள், உறுதி கைக்கு வந்துவிட்டதா, அதில் வியாபாரம் நடத்தத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதி இருந்தால் அந்த 7 பேர்ச்சஸில் ஒரு அறையைக் கூட்டிக் கட்டி வாடகைக்கு விடுவது நல்ல தொடக்கம்.

தனியார் காணி என்று காட்டினாலும் நீர்த்தேக்கத்தின் ஒதுக்கீட்டு எல்லைக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் இறங்கிய மாதத்தில் பார்த்து வாங்கிய நிலம், நிறைகிற மாதத்தில் தண்ணீருக்குள் இருந்தால் யாரிடமும் முறையிட முடியாது. நில அளவையாளர் வரைபடத்தில் முழுக் கொள்ளளவு மட்டத்தைக் குறித்துக் காட்டச் சொல்லுங்கள். கழிவுநீர்க் குழியின் இடத்தையும் அப்போதே தீர்மானியுங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொழும்பு குடிக்கிறது.

மண்சரிவு அடுத்தது. 2014 அக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தயில் லயங்களோடு மக்களை மண் மூடியதை எவரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைநாட்டு மாவட்டங்கள் முழுவதும் சரிந்த மண், வீடுகளையும் வீதிகளையும் ரயில் பாதையையும் கொண்டுபோனது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறாமல் மலைச்சரிவில் அடிக்கல் போடவே கூடாது. அனுமதிக்காக எடுக்கிற தாள் என்று நினைக்காமல், உங்கள் பிள்ளைகள் தூங்கப்போகிற வீட்டுக்காக அதை எடுங்கள். மேலே வெட்டுச்சரிவு, கீழே தண்ணீர் என்று அமைந்த காணிதான் படத்தில் மிக அழகாக இருக்கும். நான் அதை வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்தத் தொல்லைகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மஸ்கெலியா நகரத்துக் கடை ஒன்றை வாடகைக்கு எடுப்பதன் நியாயம் புரியும். காணி வாங்க வேண்டியதில்லை, சரிவில் கட்ட வேண்டியதில்லை. கடை மாடியில் ஒரு அறை இருந்தால் குடும்பம் குடியிருக்கலாம், சீசனில் இன்னொரு அறையை விருந்தினருக்குக் கொடுக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கிற முறை

கடைக்கு முற்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் இதைச் செய்யுங்கள். வாடகை, மின்சாரம், ஒரு ஆள் சம்பளம், கடன் தவணை, வீட்டுச் சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் மாதக் கணக்கில் கூட்டுங்கள். பிறகு ஆனி முதல் கார்த்திகை வரையான ஆறு மாதத்துக்கு வெளியாள் ஒருவர்கூட வரமாட்டார் என்று வைத்துக்கொண்டு, ஊர்க்காரர் வாங்குவதில் கிடைக்கிற இலாபத்தை எழுதுங்கள். செலவில் முக்கால் பங்காவது அதில் அடைந்தால் அந்த இடத்தை எடுக்கலாம். பாதிகூட அடையவில்லை என்றால், சீசன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையில் நுவரெலியாக் கரைக் கடை விழும், காசல்ரீயில் வாடகைக்கு எடுத்த விடுதியும் விழும். காசல்ரீயில் சொந்த வீட்டு அறை நிற்கும், ஏனென்றால் அதற்கு வாடகை இல்லை. மஸ்கெலியாக் கடை நிற்கும். தலவாக்கலையிலும் ஊர்க்காரருக்கான கடை நிற்கும், ஆனால் அதன்மேல் வந்து சேர சீசன் வருமானம் இல்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம், ரயில், பிரதான வீதி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அங்கே சம்பள வேலை உள்ளவர் நன்றாக வாழலாம்.

முதலை எங்கிருந்து எடுப்பது என்பதில் நான் பிடிவாதமாக ஒன்று சொல்வேன். வாரத் தவணை நுண்கடனில் தொடங்காதீர்கள். மலையகத்துப் பெண்கள் அதில் பட்ட பாடு போதும். சீசன் தொழிலில் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும், வாரத் தவணை அதற்குக் காத்திருக்காது. சேமிப்பு, தெரிந்தவர்களோடு போட்ட சீட்டு, மிஞ்சினால் வங்கிக் கடன். இதற்குள் அடங்குகிற அளவுக்குக் கடை இருக்கட்டும்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, வியாபார அனுமதிக்குப் பிரதேச சபை. நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் 2018 தேர்தலிலிருந்து தனித்தனிப் பிரதேச சபைகள் இருப்பதால் முன்புபோல எல்லாவற்றுக்கும் ஒரே அம்பகமுவ சபையை நாட வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார். அறை வாடகைக்கு விட்டால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு இருந்தால் வெளிநாட்டவர் நம்பி வருவார்கள்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் ஆடி மழையில் ஒரு தடவை, பங்குனி வெயிலில் ஒரு தடவை என்று இரண்டு முறையாவது போய் ஒரு இரவு தங்குங்கள். கடையை எடுப்பதானால் புரட்டாசிக்குள் எடுத்து, கூரையும் கழிப்பறையும் திருத்தி, தீபாவளி முற்பணம் கொடுக்கிற வாரத்துக்கு முன் திறந்துவிடுங்கள். அந்த வாரத்தில் தோட்டத்து அக்காமாருக்குக் கடை பழகிவிடும். அடுத்த மாதமளவில் தொப்பியும் டோர்ச்சும் இறக்கினால் மார்கழிப் போயாவுக்கு முதல் பஸ் வரும்போது தயாராக இருக்கலாம். வெசாக் போயா முடிந்து முதல் மழை விழும்போது ஒரு முழுச் சீசனின் கணக்கு கையில் இருக்கும். இரண்டாவது அறையைத் திருத்துவதா, காசல்ரீப் பக்கம் உறுதியுள்ள காணி தேடுவதா என்பதை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசலாம்.